கால் சுற்று

கால் சுற்றுத் திருப்பினேன். இனிப் பத்து நிமிடம் வால்வைத் தொடக் கூடாது. தொட்டால் எந்தத் திருப்பலுக்கு எந்தச் சத்தம் என்று தெரியாமல் போய்விடும், இது இவர் வைத்த சட்டம். தொட்டிக்கு அடியிலிருக்கும் அலமாரிக்குள் தலையை நீட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு முழங்கால் மடங்கியும் ஒன்று நீட்டியும், புடவை ஓரம் உப்புத் தண்ணீரில் நனைந்து விறைத்திருக்கிறது. மணி இரண்டு ஐந்து. நான்கு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து பல் டாக்டர் வருகிறார், மீன் தொட்டியைப் பார்க்க. பிடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு வந்து எடுத்துப்போவார், திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகலாம். பிடிக்க வேண்டும் என்றால் சத்தம் நிற்க வேண்டும். மேலே ஐந்தடி நீளத் தொட்டி, பாறையும் மென்பவளமும் இரண்டு கோமாளி மீனும். கீழே, என் முகத்துக்கு எதிரே, சின்னத் தொட்டி. கீழிருந்து மோட்டார் தண்ணீரை மேலே தள்ளுகிறது. மேலே நிறைந்த தண்ணீர் மூலையில் இருக்கும் ஒரு கண்ணாடி அறைக்குள் வழிந்து, அங்கிருந்து இரண்டு பைப் வழியாகக் கீழே இறங்குகிறது. பெரிய பைப்பில்தான் இந்த வால்வு. இன்னொரு பைப் சும்மா, ஆபத்துக்கு. மோட்டார் ஏற்றுகிற அளவையே பெரிய பைப் இறக்கினால் சத்தமே இருக்காது. வால்வு கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால், இளநீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சுகிற குழலைப் போலக் கொர்ரென்று காற்றை இழுக்கும். கொஞ்சம் குறைவாகத் திறந்திருந்தால் மிச்சத் தண்ணீர் இரண்டாவது பைப்பில் விழுந்து களகளவென்று கொட்டும். இவ்வளவுதான். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே பீரியடில் சொல்லிக்கொடுத்துவிடலாம். காலை பத்து மணியிலிருந்து எனக்கு வரமாட்டேன் என்கிறது. திறந்தால் கொஞ்ச நேரம் அடங்குகிறது, அப்பாடா என்று முதுகை நிமிர்த்துவதற்குள் கொர்ர். மூடினால் அடங்குகிறது, உடனே களகள. அடங்கிய இடத்திலேயே ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

எனக்குப் பின்னால் ஏழடி தூரத்தில் இவர் படுத்திருக்கிறார். திரும்பிப் பார்க்காமலே தெரியும், கண் திறந்திருக்கும். பதினான்கு மாதமாக அந்தக் கட்டில் இந்தக் கூடத்தில்தான் கிடக்கிறது, தொட்டிக்கு நேராக. நான்தான் படுக்கையறையிலிருந்து எடுத்துவந்து போடச் சொன்னேன். பக்கவாதத்தில் வலது கை இல்லை, வலது கால் இல்லை, பேச்சு இல்லை. இடது கை இருக்கிறது, கண் இருக்கிறது, காது இருக்கிறது. அந்தக் காது யாருக்கும் இருக்காது. கணபதியில் இருக்கிற பம்ப் கம்பெனியின் சோதனைக் கொட்டகையில் இருபத்தெட்டு வருடம் பம்ப் ஓடுவதைக் கேட்டு, இது போகலாம், இது திரும்பட்டும் என்று பிரித்த காது. மீட்டரில் முள் அசைவதற்கு முன்பே நாச்சிமுத்து சொல்லிவிடுவார் என்று பேர். "நல்ல பம்ப்புன்னா இருக்கிற இடமே தெரியக் கூடாது மணி" என்பார். வசந்தாமணி என்கிற முழுப் பேரில் இவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. இப்போது மணியும் இல்லை. ம் என்ற ஒரு சத்தம் மட்டும் இருக்கிறது, அதுதான் பசி, அதுதான் ஈரம், அதுதான் கோபம். பல் டாக்டர் போன் பண்ணியபோது நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பேசினேன். "சத்தம் வராதில்லீங்க மேடம்? பல்லுப் புடுங்க வர்றவங்க ஏற்கெனவே பயந்துபோய்த்தான் உக்காந்திருப்பாங்க. அதுல இதுவும் கொர்ருனு இழுத்துச்சுன்னா எந்திரிச்சு ஓடிருவாங்க" என்று சிரித்தார். இருக்கிற இடமே தெரியாதுங்க என்றேன், இவருடைய வார்த்தையை எடுத்து. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தபோது இவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்குள் வேறு சத்தத்தைப் பிரித்தெடுப்பதே வேலையாக இருந்தவருக்கு முன்னால் குழாயைத் திறந்துவிட்டால் ரகசியமா? தெரிந்திருக்கும். அல்லது தெரிந்திருக்காது. தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் நாலு நாளாகச் சோறு ஊட்டுகிறேன்.

களகள. மறுபடியும். இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது, தொடக் கூடாது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். உப்பு பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன, வால்வின் கைப்பிடியில் வெள்ளைப் பொரி மாதிரி உப்பு பூத்திருக்கிறது. அதன் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. அது உப்பு இல்லை, என் பையிலிருந்து வைட்னரை எடுத்து இவர் வைத்த அடையாளம். பைப் மேல் ஒரு புள்ளி, கைப்பிடி மேல் ஒரு புள்ளி. இரண்டும் எதிரெதிரே நின்றால் தண்ணீர் சரி. மாதம் ஒரு முறை மோட்டாரைக் கழற்றிக் கழுவி மாட்டுகிறேன், புள்ளிக்குப் புள்ளி கொண்டுவந்து நிறுத்துகிறேன், பதினான்கு மாதமும் அப்படித்தான் ஓடியது. புள்ளியிலேயே நின்றும் சத்தம் வந்ததால் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புள்ளியை விட்டு நகர்த்தினேன், இப்போது எத்தனை கால் சுற்று இந்தப் பக்கம் எத்தனை அந்தப் பக்கம் என்று கணக்கே விட்டுப்போய்விட்டது. மயிலாத்தா சொன்னது சரிதான். காலை ஒன்பதுக்கு வந்து மதியம் ஒன்றுக்குப் போகிறவள், திங்கட்கிழமையிலிருந்து சாயந்திரம் வரை இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆனால் ஒரு விரலை நீட்டிச் சொல்லிவிட்டாள். "ஐயாவைக் குளிப்பாட்டறனுங், சோறூட்டறனுங், புரட்டிப் போடறனுங். இந்த ஓடற தண்ணிக்குக் காவலிருக்க என்னால ஆகாதுங் டீச்சர். கரண்டு போச்சுன்னா அது ஒரு தினுசாக் கத்துது. அந்தப் பூவு பாதி நேரம் பூவாட்ட இருக்குது, பாதி நேரம் அழுகினாப்பல இருக்குது. செத்துருச்சா இருக்குதான்னு யாரு பாக்கறது?" பூவல்ல ஆத்தா, அது உயிர் என்றேன். "அப்பச் சரி, அதுக்கும் ஒரு நர்ஸு வெச்சுக்குங்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சிரிப்பு வந்தது அப்போது. பிறகு பீரோக் கண்ணாடியில் தலைமை ஆசிரியை அனுப்பிய கடிதம் செருகியிருப்பது கண்ணில் பட்டது. திங்கட்கிழமை காலை சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். பத்தொன்பது வருட வேலை. நான்காம் வகுப்பு பி பிரிவு, ஜன்னலோரம் வேப்பமரம், மேசை இழுப்பறையில் பிடுங்கி வைத்த பம்பரங்கள். நான் அங்கே போனால் இவர் எதைப் பார்ப்பார்? தொட்டியை எடுத்த இடத்தில் சுவர் இருக்கும், சுவரில் ஐந்தடி நீளத்துக்குப் பழைய வர்ணம் இருக்கும். நாள் முழுக்க அதைப் பார்ப்பார். சரி, போகாவிட்டால்? நான் இதைப் பார்ப்பேன். காலையில் உப்பு அளப்பேன், ஆவியான தண்ணீருக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவேன், கண்ணாடியைச் சுரண்டுவேன், கரண்டு போனால் ஓடிவருவேன், போகாத நேரத்தில் போய்விடுமோ என்று காத்திருப்பேன். தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய்த் தாலி கட்டி முடிவதற்குள் எழுந்து வந்தேன், மேகம் கறுத்தது என்று. மழையே பெய்யவில்லை. இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள் இந்த வீட்டில், ஒருவர் கட்டிலில், ஒருவர் கண்ணாடிக்குள், இரண்டு பேருக்கும் தண்ணீர் அளவு பார்க்க வேண்டும். எனக்கு யார் பார்ப்பது என்று நினைத்தவுடன் வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்டுவிடுவார் என்பதுபோல் வாயை மூடிக்கொள்கிறேன். நினைப்பதும் கேட்குமா அந்தக் காதுக்கு?

திரும்பிப் பார்த்தேன். அங்கேதான் பார்க்கிறார். காலையிலிருந்து அங்கேதான். தொட்டியின் இடது மூலைக்கு மேலே, சுவரில், கடிகாரம். எங்கே வேண்டுமானாலும் பார்க்கட்டும், கடிகாரத்தை மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? நான்கு மணி எப்போது வரும் என்று பார்க்கிறாரா? இல்லை, அதையா? நான் அதைப் பற்றி நினைக்க மாட்டேன் என்று காலையிலேயே முடிவு செய்திருக்கிறேன். இன்னும் நான்கு நிமிடம். களகள களகள. இதே சத்தம்தான். அன்றைக்கும் இதே சத்தம். அரையாண்டுத் தேர்வுத் தாள் கட்டை உள்ளறையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன், இவர் மோட்டாரைக் கழுவி மாட்டிவிட்டு வால்வைச் சரிசெய்ய உட்கார்ந்திருந்தார், நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே சதுரத் தரைக்கல்லில். களகளவென்று தொடங்கியது. கதவு வழியே கடிகாரம் தெரிந்தது, ஐந்து பத்து. சரி, கால் சுற்றுத் திருப்பியிருக்கிறார், பத்து நிமிடம் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். காத்திருக்கும்போது பேசக் கூடாது, அதுவும் சட்டம். "காது வேணும் மணி, அப்பப் போயி ரசத்துல உப்புப் பாருன்னு வந்து நிக்காதே" என்பார். அதனால் பேசவில்லை. ஐந்து இருபதுக்கும் சத்தம் நிற்கவில்லை. சரி, கடைசித் திருப்பலாக இருக்கும், கடைசித் திருப்பலுக்கு மட்டும் இரண்டு பத்து, இருபது நிமிடம் காத்திருந்து உறுதி செய்துகொள்வார், அப்புறம்தான் புள்ளி வைப்பார். அதனால் பேசவில்லை. அடுத்த தாளை எடுத்தேன். நீரின் மூன்று நிலைகளை எழுதுக. ஒரு குழந்தை எழுதியிருந்தது, தண்ணி, மழை, வெள்ளம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவரிடம் காட்டலாம் என்று தாளை எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தேன். ஐந்தரை.

மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஆம்புலன்ஸ், பிறகு பச்சை விளக்குப் போட்ட ஆஸ்பத்திரி வாசல், பிறகு ஒரு இளவயது டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, "எப்ப விழுந்தாரும்மா? கரெக்டாச் சொல்லுங்க" என்று கேட்டார். இப்பதாங்க என்றேன். விழுந்த உடனே பார்த்துட்டேங்க என்றேன். விழுந்த நேரத்தை வைத்துத்தான் எந்த மருந்து என்று முடிவு செய்வார்கள், அந்தக் கேள்விக்கு அவ்வளவு எடை என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு போய்த் திருத்திச் சொல்லவில்லை. இருபது நிமிடத்தில் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது, அல்லது ஒரு சொல் மிஞ்சியிருக்கும், மணி என்கிற ஒரு சொல். யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் இவருக்குத் தெரியும். பேச்சு போனது, கை போனது, காது போகவில்லை. உள்ளறையில் நான் தாள் புரட்டியதைக் கேட்டுக்கொண்டு, கடைசியில் சிரித்ததையும் கேட்டுக்கொண்டு, முள் பத்திலிருந்து முப்பதுக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அந்தக் கடிகாரத்தை வேறு சுவரில் மாட்டலாம் என்று ஆணியெல்லாம் எடுத்து வைத்தேன் ஒருநாள். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று ஆகிவிடுமே. யார் கேட்பார்கள்? கேட்க வாய் இல்லாதவருக்குப் பயந்து ஒரு கடிகாரத்தைக்கூட என்னால் நகர்த்த முடியவில்லை.

சத்தம் தாங்கவில்லை. பத்து நிமிடம் முடியுமுன் திருப்பிவிட்டேன், இரண்டு கால் சுற்று, சேர்ந்தாற்போல். தப்பு. தெரிந்தே செய்த தப்பு. களகள நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றுமில்லை, மோட்டாரின் மெல்லிய மூச்சு மட்டும். பிறகு மேலிருந்து கொர்ர்ர். மூடினேன். களகள. திறந்தேன். மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் போயிற்று, மணி மூன்றேகால். இப்படியே நாலு மணி ஆகும், டாக்டர் செருப்பைக் கழற்றும்போதே காதில் விழும், பரவாயில்லைங்க மேடம் அப்புறம் சொல்றேன் என்பார், அப்புறம் சொல்லவே மாட்டார். திங்கட்கிழமை வரும், நான் இதே கல்லில் உட்கார்ந்திருப்பேன், அடுத்த திங்கட்கிழமையும்.

"ம்" என்றார்.

"இருங்க, வர்றேன்."

"ம்ம்."

"ரெண்டு நிமிசம் பொறுக்க மாட்டீங்களா? இதைத்தான பாத்துட்டு இருக்கேன்? உங்க தொட்டியத்தான பாத்துட்டு இருக்கேன்?" குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்த குரல் அலமாரிக்குள்ளேயே மோதி என் முகத்துக்கே வந்தது.

எழுந்தேன். முழங்கால் சொடுக்கியது. தலையணை சரிந்து கழுத்து ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையணையைத் தட்டிப் போட்டேன். அப்படிச் சாய்ந்திருந்த நேரத்தில் என் கண் அவர் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது, அவர் பார்க்கிற இடத்தையே நானும் பார்த்தேன். கடிகாரம் சரியாகத் தெரியவில்லை. அங்கிருந்து கடிகாரத்தின் கீழ்ப்பாதியைத் தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்குக் கூடு மறைக்கிறது, முள் எங்கே இருக்கிறது என்று சொல்லவே முடியாது. தெரிந்தது அதற்குக் கீழே இருக்கிற மூலை. எல்லோரும் அந்த வழிகிற அறையைக் கறுப்பில்தான் செய்வார்கள், இவர் மட்டும் ஒரு பக்கம் கண்ணாடி வைத்தார், உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும் என்று. முன்னால் நின்றால் பாறை மறைக்கும், நிமிர்ந்து நின்றால் விளக்கு மறைக்கும், கீழே உட்கார்ந்தால் ஒன்றுமே தெரியாது. கட்டிலிலிருந்து தெரிகிறது. கண்ணாடி அறைக்குள், பெரிய பைப்பின் வாயில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு நத்தை உட்கார்ந்திருந்தது.

பாசி தின்ன விட்ட நத்தை. எப்படியோ மேலே ஏறி உள்ளே விழுந்திருக்கிறது. நான் பார்க்கும்போதே ஒரு விரல்கடை நகர்ந்தது. பைப் வாய் கொஞ்சம் திறந்தது, கொர்ர் என்றது. மறுபடி நகர்ந்து மூடியது. களகள. காலையிலிருந்து நான் வால்வோடு சண்டை போட்டிருக்கிறேன், இவர் நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காலையிலிருந்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

முக்காலியில் ஏறி, விளக்கை ஒதுக்கி, கையை விட்டு எடுத்தேன். பைப்பை விட மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக முறுக்கினால்தான் வரும். கையில் கனத்தது. அதைத் தொட்டியின் வலது கோடிப் பாறையில் வைத்தேன். திரும்பக் கீழே உட்கார்ந்து கைப்பிடியைத் திருகிப் புள்ளிக்கு எதிரே புள்ளியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். மூன்று நாற்பது. கடைசித் திருப்பல். இரண்டு பத்து.

காத்திருக்கும்போது பேசக் கூடாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். சத்தம் மெலிந்து மெலிந்து எந்த நொடியில் போனது என்று தெரியாமலே போயிற்று. இப்போது சொல்லலாம் என்று தோன்றியது. அன்னிக்கு எனக்குச் சத்தம் கேட்டுச்சுங்க. ஒரே வரி. நாக்கு வரை வந்தது. சொல்லி என்ன ஆகும், அவரால் திட்டவும் முடியாது, பரவாயில்லை என்று சொல்லவும் முடியாது, சொல்லிவிட்டு நான் மட்டும் இறக்கி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவேனா? சட்டம் ஒரு வசதி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன், நல்லது, தூங்கும்போதே டாக்டர் பார்த்துவிட்டுப் போகட்டும். அப்புறம்தான் இடது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. கொட்டகையில் நேரம் எண்ணுவது அப்படித்தான், கணுவுக்கு ஒரு நிமிடம். தூங்குகிறவர் எண்ண மாட்டார். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று தெரியாதவரும் இப்படிக் கண்ணை மூடிக்கொள்ள மாட்டார்.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் கார்ச் சாவி. "இலியாஸுங்க. போன்ல பேசினேனே." உள்ளே வந்தார், தொட்டியின் முன்னால் நின்றார், காதைச் சாய்த்தார். முகம் மாறிவிட்டது. "என்னுங்க மேடம், நிறுத்தி வெச்சிருக்கீங்களா? ரிப்பேரா?"

"ஓடிட்டுத்தாங்க இருக்குது."

அவர் குனிந்து கீழே பார்த்தார், மேலே பார்த்தார், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "அடேங்கப்பா" என்றார் மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல். கட்டிலில் இவர் உதட்டின் இடது ஓரம், அசைகிற ஓரம், கொஞ்சம் ஏறியது. கண் திறந்தது. கையைத் தூக்கினார். டாக்டரைத்தான் கூப்பிட்டார், என்னை இல்லை.

டாக்டர் பக்கத்தில் வந்ததும் விரல்களைக் குவித்து ஒரு கைப்பிடியைப் பிடிப்பதுபோல் பிடித்து, இம்மி அளவு திருப்பிக் காட்டினார். பிறகு விரித்தார், மூடினார், விரித்தார்.

"என்னங்க சொல்றார்?"

"கால் சுத்து. அதுக்கு மேல ஒரே தடவையில திருப்பக் கூடாது. திருப்பினா பத்து நிமிசம் தொடாமக் காத்திருக்கணும்." என் குரல் வகுப்பில் நிற்கிற குரலாக இருந்தது. அவர் தொட்டியைக் கொடுக்கிறார். நான் விற்கவில்லை, அவர் கொடுக்கிறார்.

"சரிங்க சார். பத்து நிமிசம். எங்க கிளினிக்ல நானே பாத்துக்குவேன் சார், வேற யாரையும் தொட விட மாட்டேன்."

இவர் தலையை அசைத்தார். இல்லை. கையை மறுபடி நான்கு முறை விரித்து விரித்து மூடினார். ஐந்தும் ஐந்தும், அதற்கு மேல் இன்னொரு ஐந்தும் ஐந்தும். கடைசித் திருப்பலுக்கு உள்ள கணக்கு, வேறொன்றும் இல்லை. ஆனால் கண் டாக்டர்மேல் இல்லை. என்மேல் இருந்தது, பதினான்கு மாதத்தில் இவ்வளவு நேராக இருந்ததில்லை.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இருபதுங்களா?"

இவர் கையைப் போர்வைமேல் இறக்கிவிட்டு, என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்.

"ஆமாங்க," என்றேன். "இருபது நிமிசம்."